பெரிய இவரு

வாடா பேராண்டி. திண்ணையில தூசி கெடக்கும், தட்டிட்டு உக்காரு. கால்சட்டை வேற வெள்ளையாப் போட்டு வந்திருக்க. நேத்து போன்ல ஒரு சங்கதி சொன்னயே, அதை இப்ப நேர்ல சொல்லு கேப்போம். "தாத்தா, ஊர்ல என்னையப் பெரிய மனுசன்னு பேசிக்கிறாங்களாம்ல." ம். இதைச் சொல்லும்போது ஒன் குரல்ல ஒரு குளுமை தெரிஞ்சுச்சு பாரு, அதைக் கேட்டதுலருந்து எனக்குத் தூக்கம் இல்ல. ஒன் சம்பளத்தை நெனச்சுத்தான்.

கோவிச்சுக்காத. இந்த வார்த்தையோட நான் ரொம்ப நாளாக் குடித்தனம் நடத்துறேன். ஊரு என்னையப் பெரியவருங்குது. ஒங்கப்பன் கோவம் வந்தா பெருசுங்கிறான். டீக்கடையில மீசை மொளைக்காத ஒரு பய, "யோவ் பெருசு, கால மடக்கு"ங்கிறான். மூணும் ஒரே வார்த்தைதான். மொதலுக்கு எந்திரிச்சு நிக்கிறாய்ங்க, ரெண்டாவதுக்குக் கஞ்சி கொஞ்சம் பிந்தி வரும், மூணாவதுக்கு நான் கால மடக்கிக்கிறேன்.

அதனால எவன் சொன்னான்னு கேக்குறதுக்கு முந்தி எப்பிடிச் சொன்னான்னு கேட்டுக்க. 'ரி'யக் குறுக்கிச் சொன்னானா, இழுத்துச் சொன்னானா? "அவரு பெரிய மனுசன்"னு சுருக்கா முடிச்சா மரியாதை. இல்லாட்டிக் கடன் கேக்கப் போறான். "அவரு பெரீய மனுசன்"னு 'ரீ'ய நீட்டிக் கீழ் ஒதட்டப் பிதுக்கிட்டான்னா, நீ அந்த எடத்துல இல்லாமப் போனதே நல்லதுன்னு நெனச்சுக்க. ஒரே ஒரு எழுத்து, அதோட நீளத்துல மனுசனோட மானம் கெடக்கு. அதுலயும் நம்ம கம்பம் பள்ளத்தாக்குக்காரன் சும்மா நீட்ட மாட்டான், தலையவும் கொஞ்சம் சாச்சுக்கிட்டுத்தான் நீட்டுவான்.

இழுத்ததுக்குப் பின்னாடி என்ன வருதுங்கிறதையும் கவனிக்கணும். எங்கப்பன் காலத்துல "பெரிய தொரை". அப்பறம் "பெரிய ஜமீனு", "பெரிய கலெக்டரு", "பெரிய லார்டு லபக்குதாசு". இப்ப ஒங்க வயசுப் பயலுக "பெரிய அப்பாடக்கரு"ங்கிறாய்ங்க. அந்த அப்பாடக்கரு யாரு, எந்த ஊருன்னு ஒரு பய சொல்ல மாட்டேங்கிறான். தொரை கப்பலேறிட்டான், ஜமீன் ஒழிஞ்சுபோச்சு, 'பெரிய' மட்டும் அடுத்த ஆளத் தேடிப் போயிருது. இதுல உச்சம் "பெரிய இவரு"தான். கலெக்டருன்னு சொன்னாலாவது ஒரு உத்தியோகம் இருக்கு. 'இவரு'ன்னா நீயேதான். நீ ஒன்னைய எதுவா நெனச்சுக்கிட்டுத் திரியிறயோ, அதுக்கு முன்னாடி ஒரு 'பெரிய'வப் போட்டுட்டான், அம்புட்டுதான். இதுக்கு மறு பேச்சு கெடையாது. நானும் வருசக்கணக்காத் தேடிப் பாத்துட்டேன்.

அளவுக்குன்னு பாத்தா இந்த வார்த்தைக்கு நாணயமான வேலை ஒண்ணு உண்டு. போடியில ஏலக்காய்க் கடையில நான் கணக்கெழுதுன காலத்துல பாத்திருக்கேன். மலையிலருந்து மூடை வந்து எறங்கும். சல்லடையில கொட்டிப் பொம்பளைக ஆட்டுவாக. எட்டு மில்லிமீட்டர்க் கண்ணு வச்ச சல்லடையில கீழ விழாம மேல நிக்கிற காய்தான் பெருவெட்டு, வெலையெல்லாம் அதுக்குத்தான். விழுந்தது ஏழு மில்லிச் சல்லடைக்குப் போகும், அதுலயும் விழுந்தா அதுக்கும் கீழ. அந்தக் காய் எந்த எஸ்டேட்டு, மொதலாளி யாரு, அவுக வீட்டுக் கலியாணத்துக்கு மந்திரி வந்தாரா, சல்லடை ஒண்ணும் கேக்காது. அதோட முடியல. மேல நின்ன காய ஒரு அம்மா முறத்துல பரப்பி, வெடிச்சதையும் வெளுத்ததையும் பெருவெரலால ஓரமா ஒதுக்கிக்கிட்டே வரும். பேச்சு பக்கத்துல இருக்கிறவ கூட மருமக சமாச்சாரமா இருக்கும். வெரலு மட்டும் தப்பு பண்ணாது. எம்புட்டுப் பெருசா இருந்தாலும் வெடிச்சிருந்தா வேற மூடைதான். வடக்க சிக்கிம் பக்கம் 'பெரிய ஏலம்'னு ஒண்ணு வெளையுது, செம்பழுப்பா, புகை வாசத்தோட. பேருதான் பெருசு, வெலையில நம்ம மலை சின்ன ஏலம்தான் ஒசத்தி.

இன்னொரு எடத்துலயும் அந்த வார்த்தை நாணயமா இருந்துச்சு. 'பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை', 'பெரிய எழுத்து நல்லதங்காள் கதை'ன்னு திருவிழாக் கடையில, ரயிலடியில புஸ்தகம் விப்பாக. நீ பாத்திருக்க மாட்ட. காகிதம் மட்டமா இருக்கும், அட்டையில ராணி படம் கண்ணு ஒண்ணு மேல ஒண்ணு கீழ இருக்கும். ஆனா அட்டையில 'பெரிய எழுத்து'ன்னு போட்டிருந்தா உள்ள நெசமாவே பெரிய எழுத்துதான். எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆளு, சிம்னி வெளக்குல பத்துப் பேருக்கு வாசிச்சுக் காட்டுற ஆளு, கண்ணு மங்குன கெழவன், எல்லாருக்கும் அச்சடிச்சது. சொன்னதச் சொன்னபடி செஞ்ச 'பெரிய' அதுதான். இப்ப ஒன் போன்ல வெரல விரிச்சு எழுத்தப் பெருசாக்குறயே, அந்த வித்தை எங்களுக்கு அப்பவே அட்டையில இருந்துச்சு.

மனுசனுக்குத்தான் சல்லடையும் இல்ல, அட்டையும் இல்ல. வாயி அளக்குது.

வீட்டுக்குள்ளயே பாரு. ஒங்கம்மாவோட அக்கா புருசன் ஒனக்குப் பெரியப்பா. அவரு ஒங்கப்பனுக்கு வயசுல எளையவரு, ஒசரத்துலயும் அரையடி கொறச்சல். ஆனாலும் பெரியப்பாதான், பந்தியில மொத எலை அவருக்கு. ஒங்கப்பன் ஆறடி ஆளு, அவுக வீட்டுப் பிள்ளைகளுக்குச் சித்தப்பா, அதாவது சிறிய அப்பன். கலியாணம்னு வந்துட்டா பந்தக்கால் ஊணுறதுலருந்து எச்செலை எடுக்க ஆளு புடிக்கிறது வரைக்கும் சிறியவரு ஓடணும், பெரியவரு நாற்காலியில சாஞ்சுக்கிட்டு, "ஆச்சா?"ன்னு கேக்கணும்.

அதுக்காகப் பெரியவனாப் பொறந்தவனுக்குச் சொகம்னு நெனச்சிராத. நீயே தலைச்சன் பிள்ளை, ஒனக்குத் தெரியாததா? ஒன் தம்பி தொட்டில்ல விழுந்த அன்னிக்கு வரைக்கும் நீ கொழந்தை. விழுந்த மக்யா நாளே 'பெரியவன்' ஆயிட்ட. "நீ பெரியவன்ல, நீதான் விட்டுக்குடுக்கணும்." பம்பரத்த விட்டுக்குடுத்த, சைக்கிள விட்டுக்குடுத்த. நாளைக்கு வாய்க்கா ஓரத்து வயலையும் இதையே சொல்லித்தான் வாங்குவான், பாத்துக்க.

பஞ்சாயத்துல இந்த வார்த்தை வெட்டுற வெட்டு எனக்குத் தெரியும். வரப்புத் தகராறு வரும். ரெண்டு பக்கமும் பத்திரம் சரியா இருக்கும். சர்வேயரு சங்கிலி பிடிச்சுப் பாத்துட்டு, டீயக் குடிச்சுட்டு, வெயிலு ஏறிருச்சுன்னு போயிருவாரு. தீர்ப்புச் சொல்ல வழி தெரியாத நாட்டாமை தொண்டையச் செருமிக்கிட்டு ரெண்டு பேருல ஒருத்தரப் பாத்து, "அண்ணே, நீங்க பெரியவுக, பெருந்தன்மையா..."ன்னு ஆரம்பிப்பாரு. அம்புட்டுதான், வரப்பு போயிருச்சு. அந்தாளு முழுசாக் கேக்க வேண்டியதே இல்ல, வேட்டிய ஒதறிட்டு எந்திரிக்கலாம். இந்தப் பெருந்தன்மைங்கிறது எப்பவும் எதிராளி வாயிலருந்துதான் வரும். எவனும் தன் பெருந்தன்மைய நெனச்சு உருகி, தானா மம்பட்டிய எடுத்து வரப்பத் தள்ளி வச்சதா நான் கேள்விப்பட்டதில்ல.

பொம்பளப் பிள்ளைக கதை இதைவிட வேடிக்கை. பன்னெண்டு பதிமூணு வயசுல பெரிய மனுசி ஆயிட்டான்னு பந்தல் போட்டு, கொழாய் கட்டி, தாய்மாமன் சீர்வரிசையோட ஊர்வலம் வந்து, ஊருக்கே சோறு போட்டுச் சொல்றோம். அன்னிக்குச் சாயங்காலம் அந்தப் பெரிய மனுசி, "நான் மேல படிக்க மதுரைக்குப் போறேன்"னு சொல்லட்டும். "சின்னப் பிள்ளை, ஒனக்கென்ன தெரியும், உள்ள போ"ம்பாய்ங்க. பந்தல் கூடப் பிரிச்சிருக்க மாட்டாய்ங்க. ஒங்க அத்தையக் கேட்டுப் பாரு, கதை கதையாச் சொல்லுவா.

சாவுக்கும் இந்த வார்த்தைதான் கூட வரும். "அவுக வீட்டுல பெரிய காரியம் ஆயிப்போச்சு"ன்னா மாலை வாங்கிட்டுக் கெளம்பணும். "பெரிய காரியம் பண்ணிட்டப்பா"ன்னா பாராட்டு. முன்ன சொன்ன கணக்குப்படி இழுத்திருந்தா திட்டு. டவுனுக்குப் போயி ரெண்டையும் மாத்திப் பேசிப்புடாத, அடி விழும். மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிய இந்தப் பக்கத்து ஆளுக பெரியாஸ்பத்திரின்னுதான் சொல்வோம். "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாக"ன்னு ஒரு போன் வந்தா மேக்கொண்டு யாரும் கேள்வி கேக்க மாட்டாக. ஆணியில தொங்குற சட்டைய எடுப்பாக.

இந்தா, என் கையப் பாரு. தோளுக்குக் கீழ வட்டமாத் தழும்பு தெரியுதா? பெரியம்மைக்குக் குத்துனது. அந்த நோய் ஒலகத்த விட்டே ஒழிஞ்சதுன்னு 1980-ல ஒலக சுகாதார நிறுவனம் சொல்லிருச்சு. சின்னம்மை இன்னும் பங்குனி சித்திரை வெயிலுக்கு வந்து வேப்பெலைப் படுக்கை கேக்குது. பெருசு போயிருச்சு, சின்னது நிக்குது. இதைக் கொஞ்சம் மனசுல வச்சுக்க, பின்னாடி வேணும்.

சரி, நெசமாவே பெருசா இருக்கிறதுக்கு அந்தப் பேர எவன் வச்சான்னு பாப்போம். தஞ்சாவூருல ராஜராஜன் 200 அடிக்கு மேல கல்ல அடுக்கி விமானம் தூக்குனான், 1010-ல முடிச்சான். அதுக்கு அவன் வச்ச பேரு ராஜராஜேச்சரம். தன் பேரத்தான் வச்சான். ராஜா, வைக்கட்டும், கல்லுலயும் வெட்டி வச்சான். என்ன ஆச்சு? தஞ்சாவூரு பஸ்ஸுல ஏறி, "ராஜராஜேச்சரத்துக்கு ஒரு டிக்கெட்டு"ன்னு கேட்டுப் பாரு, கண்டக்டரு ஒன்னைய ஏற எறங்கப் பாப்பாரு. சனங்க அந்தப் பேர உரிச்சுப் போட்டுட்டு 'பெரிய கோயிலு'ன்னு முடிச்சிருச்சுக. அந்தக் கோபுர நெழலு தரையில விழாதுன்னு ஒனக்கு எவனாவது சொல்லியிருப்பான். விழும், போயி நின்னு பாரு. இம்புட்டுப் பெரிய கோயிலுக்கு மேல ஒரு புளுகு எதுக்கு ஏத்துறாய்ங்கன்னுதான் எனக்கு வெளங்கல.

சேக்கிழாரும் தன் புஸ்தகத்துக்குப் பெரியபுராணம்னு பேரு வைக்கல. அவரு வச்சது திருத்தொண்டர் புராணம். 'பெரிய'ங்கிறது ஊரு வச்சது. அதுல வர்ற 63 பேருல ராஜாவும் உண்டுதான். ஆனா சட்டி பானை வனையிறவரு, துணி வெளுக்கிறவரு, வேட்டைக்காரரு, வலை வீசுறவரு, செக்காட்டுறவரு, தறி நெய்யிறவருன்னு எல்லாரும் அதே வரிசையிலதான் நிக்கிறாக, தனிப் பந்தி கெடையாது. ஈ.வெ.ராவுக்குப் 'பெரியார்'னு பேரு குடுத்தது 1938-ல சென்னையில கூடுன பெண்கள் மாநாடு. கவனிச்சியா, யாரு குடுத்தான்னு? "சின்னப் பிள்ளை, உள்ள போ"ன்னு அடக்கி வச்ச கூட்டம் வெளிய வந்து, கூடி நின்னு குடுத்த பேரு. அவரப் பிடிக்காதவன் கூட இப்ப அந்தப் பேரச் சொல்லித்தான் அவரத் திட்ட வேண்டியிருக்கு.

நம்ம ஊருக்கே வா. நீ குடிச்சு வளந்தது பெரியாத்துத் தண்ணி. மேக்க கடலுக்குப் போயிக்கிட்டிருந்ததை, மலைக்குள்ள அணையக் கட்டி, பாறையக் கொடஞ்சு, கெழக்க திருப்பிவிட்டவரு பென்னிகுக்கு. 1895-ல தண்ணி தொறந்தாக. பாதியில வெள்ளம் வந்து கட்டுனத அடிச்சுக்கிட்டுப் போயும் மனுசன் விடல. ஆத்துக்குப் பேரு பெரியாறு. அவர நாம பெரியவருங்கிறமா? 'கர்னலு'ம்போம், இல்லாட்டி வெறும் பேருதான். ஆனா ஜனவரி 15 அவரு பொறந்த நாளைக்குப் பள்ளத்தாக்கு பூராம் பொங்க வைக்கிறோம், சாமி படத்துக்குப் பக்கத்துல அவரு படம் மாட்டியிருக்கு, பிள்ளைகளுக்கு அவரு பேர வச்சுக் கூப்புடுறாய்ங்க. 'பெரிய'ங்கிறத அவருக்கு எடுத்துக் குடுக்கணும்னு ஒருத்தருக்கும் தோணவே இல்ல.

பெருமாள் கோயில்ல இன்னும் ஒரு படி மேல போயிட்டாக. கருடாழ்வாரு பெரிய திருவடி, அனுமாரு சிறிய திருவடி. கடலத் தாண்டி, எலங்கையக் கொளுத்தி, மலையப் பேத்துத் தூக்கிட்டு வந்தவரு சிறிய. வேற ஒண்ணும் பேசாம பெருமாளத் தோள்ல வச்சுச் சொமக்கிறவரு பெரிய. பட்டாச்சாரியாரக் கேட்டா வேற வெளக்கம் சொல்லுவாரு. நான் என் புத்திக்கு எட்டுனபடி, தெனமும் சொமக்கிறவனுக்குக் குடுத்த பேருன்னு வச்சுக்கிட்டேன். நீ இதை ஒங்க ஆபீசுல போயிச் சொல்லிராத. அங்க தெனமும் சொமக்கிறவனுக்கு என்ன பேருன்னு ஒனக்கே தெரியும். போன மாசம் ஒன்னைய 'சீனியர்' ஆக்கிட்டாகன்னு கேக்கு வெட்டுன போட்டோ அனுப்புனயே, சம்பளம் எம்புட்டுடா கூடுச்சுன்னு கேட்டேன். "பெருசா ஒண்ணும் இல்ல தாத்தா"ன்ன. பாத்தியா, ஒன் வாயிலயே வந்துருச்சு.

இப்ப ஒன் சமாச்சாரத்துக்கு வாரேன். ஒன்னையப் பெரிய மனுசன்னு சொன்னது விழாக் கமிட்டி ஆளுக. மாரியம்மன் பொங்கலுக்கு இந்த ஊருல தலைக்கட்டு வரி. மாடி வீடு, ஓட்டு வீடு எல்லாத்துக்கும் ஒரே தொகை. வரி கட்டுற வரைக்கும் நீயும் ஒரு தலைக்கட்டு, நானும் ஒரு தலைக்கட்டு. அதுல பெரிய தலைக்கட்டு சின்ன தலைக்கட்டுன்னு கெடையாது. அந்தக் காசு பந்தலோடயும் மேளத்தோடயும் தீந்துபோகும். அப்பறம் அன்னதானம் யாரு, கரகாட்டம் யாரு, வாண வேடிக்கை யாருன்னு கேள்வி வரும். அப்பத்தான் இந்த ஊருல பெரிய மனுசன் யாருன்னு டார்ச் லைட்டு அடிச்சுத் தேடுவாய்ங்க. போன வருசம் வரைக்கும் வெளிச்சம் அரிசி மண்டிக்காரரு மேல விழுந்துச்சு. அவரு இப்ப முழங்கால் வலின்னு மக வீட்டுக்குப் போயிட்டாரு. பொங்கலுக்குப் பொங்கல் வர்ற வலி அது.

முக்குல வச்சிருக்கிற பிளெக்ச வரும்போது பாத்தேல்ல? அம்மன் மேல மூலையில, தாலி அளவுக்கு. நடுவுல நீ. ஒனக்கு ஒரு கோட்டு மாட்டிவிட்டிருக்காய்ங்க. கழுத்துக்குக் கீழ அது நீ இல்ல, எந்த ஊரு ஆளோ. பின்னாடி ஒரு சிங்கம் வேற நடந்து வருது. பிளெக்ச சதுர அடிக் கணக்குலதான் அடிப்பாய்ங்க. ஆக ஒன்னைய எம்புட்டுப் பெருசாக்குனாய்ங்கங்கிறதுக்குத் துல்லியமா ஒரு அளவு இருக்கு, அந்த அளவுக்கு ஒரு பில்லும் இருக்கு. அது யாருக்கிட்ட வரும்னு நெனைக்கிற? வள்ளுவரு பெரியாரைத் துணைக்கோடல்னு ஒரு அதிகாரம் வச்சிருக்காரு, பெரியாரைப் பிழையாமைன்னு இன்னொண்ணு வச்சிருக்காரு. பெரியவரப் புடிச்சுக்க, பெரியவரப் பகைச்சுக்காத. பெரியவர வச்சு வசூல் பண்றதுக்குன்னு ஒரு அதிகாரம் அவரு எழுதல. அதை நம்ம கமிட்டி எழுதிக்கிட்டிருக்கு.

வேணாம்னு மட்டும் சொல்லிராத. சொன்னேன்னா அன்னிக்கே 'ரீ'ய நீட்டிருவாய்ங்க. நான் சொல்றபடி செய்யி. கமிட்டி வீட்டுக்கு வரும்போது நாற்காலியில உக்காராத, நின்னுக்கிட்டே இரு. "நான் சின்னப் பையன்ணே, நீங்கள்லாம் பெரியவுக இருக்கும்போது எனக்கு எதுக்கு"ன்னு ஆரம்பி. கமிட்டித் தலைவரு புதுசா டிராக்டரு வாங்கியிருக்காருல்ல, அவரப் பாத்தே சொல்லு. டிராக்டரு பேரையும் சொல்லு. 'பெரிய'வக் கையில வச்சுக்கிட்டு அழகு பாக்காத. கெடச்ச ஒடனே பக்கத்துல இருக்கிறவன் தலையில எறக்கிவிட்டுரு. சூடு ஆறுறதுக்குள்ள அவரு அடுத்தவருக்குத் தள்ளிவிடுவாரு. அது ஊரச் சுத்தி வர்றதுக்குள்ள பொங்க முடிஞ்சுபோகும். நீ தலைக்கட்டு வரியக் கட்டிட்டு, பொங்கச் சோத்த வாங்கிட்டு, ஞாயித்துக்கெழமை ராத்திரி பஸ்ஸப் புடிச்சிரு.

ஆனா பெருசுக்கு மட்டும் பயந்தாப் பத்தாதுடா. அம்மைத் தழும்பக் காட்டும்போது சொன்னேன்ல. 'பெரிய'ன்னு வர்றவன் வாசல்லயே செருப்புச் சத்தத்தோட வாரான், ஒனக்கு எச்சரிக்கை ஆகிக்க நேரம் இருக்கு. 'சின்ன'ன்னு வர்றவன் கொல்லைப்பக்கமா வருவான். "ஒரு சின்ன உதவி மாப்ள." இதைச் சொல்லி நம்ம ஊருல ஒருத்தரும் தீப்பெட்டி கேட்டதில்ல. தீப்பெட்டின்னா தீப்பெட்டின்னே கேப்பாய்ங்க. "சின்னக் கையெழுத்துதான், இங்கன போடுங்க"ன்னா ஜாமீன் பத்திரம். கையெழுத்து சின்னதுதான், அதுக்கு மேல இருக்கிற தொகைதான் கொஞ்சம் நீளம். "சின்னச் சந்தேகம்"னு கூட்டத்துல ஒருத்தன் எந்திரிச்சான்னா அன்னிக்குக் கூட்டம் கலைய ராத்திரி ஆகும். வீடு கட்டும்போது மேஸ்திரி வந்து, "சின்ன மாத்தம்தான், இந்தச் செவத்த அங்கிட்டு நகட்டிட்டா நல்லாருக்கும்"பாரு. செவரு ரெண்டடி நகரும், வீட்டுக்காரன் பேங்குக்கு நகருவான். டாக்டரு, "சின்ன ஆபரேசன்தான் பெரியவரே"ன்னாரு எங்கிட்ட. சின்னதும் பெருசும் ஒரே வரியில வருது பாரு, அங்கனயே நான் எந்திரிச்சு வந்திருக்கணும்.

சின்ன வீடுங்கிறதுக்கு அர்த்தம் ஒனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல; 1985-ல பாக்யராஜு படமே எடுத்துட்டாரு. பேருதான் சின்ன வீடு. மொசைக்கு, மாடி, மோட்டாரு எல்லாம் அங்கனதான் போயிருக்கும். பெரிய வீட்டுல ஓடு மாத்தக் காசு இருக்காது.

சின்ன வெங்காயத்தையே எடுத்துக்க. பெல்லாரிய ரெண்டு வெட்டு வெட்டிச் சட்டியில போட்டுரலாம். ஒங்க அப்பத்தா சின்ன வெங்காயம் ஒரு படி உரிச்சு முடிக்கிறதுக்குள்ள எங்க சொந்தக்காரவுக அம்புட்டுப் பேரோட குத்தமும் வெளிய வந்துரும், கண்ணீரோட. வெலையும் அதுக்குத்தான் கூட. பெருங்காயத்த மட்டும் பேருல 'பெரு' இருக்கேன்னு பெருசா அள்ளிப் போட்டுப் பாரு, கொழம்ப நாயி கூட மோந்து பாக்காது.

சிவகங்கைச் சீமையிலயும் பெரிய மருது, சின்ன மருதுன்னு ரெண்டு பேரு. அண்ணனுக்கு வேட்டையில பிரியம். ராஜ்ய நிர்வாகம், யோசனை எல்லாம் தம்பி கையில. அவுக கூடப் பழகிப் பின்னால அவுகளையே எதுத்துச் சண்டைக்கு வந்த வெல்ஷுங்கிற வெள்ளைக்காரன் எழுதி வச்சிருக்கான். 1801-ல வெள்ளைக்காரன எதுத்து எந்திரிங்கன்னு அறிக்கை ஒட்டுனதும் சின்னவருதான். கடைசியில திருப்பத்தூருல தூக்குல போடும்போது வெள்ளைக்காரன் பெரிய சின்ன பாக்கல, ரெண்டு பேரையும் போட்டான்.

நம்ம சின்னமனூருல ஒரு செப்பேடு கெடச்சுச்சே, பாண்டியரு காலத்துது. மதுரையில சங்கம் இருந்ததும், மகாபாரதத்தத் தமிழ்ல ஆக்குனதும் அதுல இருக்கு. அங்க கெடச்சதுல சின்னதும் உண்டு, பெருசும் உண்டு. அதனால படிச்சவுக அதுக்குச் 'சின்னமனூர்ப் பெரிய செப்பேடு'ன்னு பேரு வச்சிட்டாக. ஒரே பேருல ரெண்டையும் கட்டிப்போட்ட ஊருடா நம்ம பக்கம். இங்கிட்டு வந்து, "என்னையப் பெரிய மனுசங்கிறாங்க"ன்னு சிரிக்கிறயே.

வெயிலு எறங்குது. ஒங்கப்பன் வர்ற நேரம், சட்டையில தூசி ஒட்டியிருக்கு, தட்டிக்க. காப்பிய ஆறவிட்டுட்ட பாரு. கமிட்டிக்காரங்கள நான் பாத்துக்கிறேன், நீ கவலைப்படாத. நீ பேச வேண்டியதையும் நானே பேசிருவேன். அப்பறம் நீ படிச்ச பிள்ளை, வெவரம் தெரிஞ்சவன், தலைச்சன் வேற, ஒங்கிட்டச் சொல்லாம வேற யாருகிட்டச் சொல்ல? பெருசா ஒண்ணும் இல்லடா. நம்ம கெணத்துல ஒரு சின்ன வேலை கெடக்கு.